சர்வேயர் அக்காவின் இடது கை

என் டேப் பொய் சொல்கிறது என்று சர்வேயர் அக்கா சொன்னபோது கடையில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவருடைய தோளில் டேப்பை வைத்து ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு எஃகு டேப்பை எடுத்து என் வெட்டுமேசைமேல் நீட்டினார். பக்கத்தில் என் துணி டேப்பையும் நீட்டச் சொன்னார்.

"பாத்தியா மக்கா? ஒரு மீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் கூடுதலாக்கும். இழுத்து இழுத்து நீண்டு போச்சு. இத்தன வருசமா நீ இந்த ஊருப் பெண்ணுங்களுக்கு எல்லாம் தப்பாட்டுத் தச்சுக் குடுத்திருக்க."

"இதே டேப்பு வச்சுத்தானே அக்கா துணியையும் வெட்டுறேன். அதும் இதும் சரியாப் போகுமே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது சரிதான். ஆனா ரெண்டு தப்பு சேந்து சரியாப் போறது எனக்குப் பிடிக்காது."

மறுநாள் எனக்கு ஒரு புது டேப் வாங்கிவந்து தந்தார். அந்த நான்கு பெண்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பழைய ரவிக்கைகளை எடுத்துவந்து, அவை ஏன் இறுக்கிப் பிடிக்கின்றன என்று இப்போதுதான் புரிகிறது என்றார்கள். நன்றாகச் சாப்பிட்டதால் பிடித்த ரவிக்கைகள் அவை.

அவருக்கு சர்வே ஆபீஸில் வேலை. குன்னத்துகாலிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில் என் கடையிலிருந்து மூன்றாவது வீடு. கணவர் பாலக்காட்டுப் பக்கம் பாங்கில் இருந்தார், மாதம் இரண்டு தடவை வருவார். மகன் ஹாஸ்டலில் படித்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் சர்வேயர் அக்கா. மலையாளம் பேசுகிறவர்களுக்கு சர்வேயர் சேச்சி. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை தன் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்றாராம். இவர் அவரைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கவைத்து அளந்தார். ஐந்தடி ஏழரைதான் இருந்தது. "ஏழரைன்னே பறஞ்சிருந்தா நான் அளந்திருக்கவே மாட்டேன்" என்பார். அளந்த பிறகு கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார்.

நல்ல மழை என்று யாராவது சொன்னால் "எவ்வளவு?" என்று கேட்பார். பக்கத்தில்தான் வீடு என்றால் "எத்தன மீட்டர்?" என்பார். அளக்காத எதையும் அவர் நம்பியதில்லை. அவரோடு பேசுவது ஊரில் பலருக்குச் சிரமமாக இருந்தது. எனக்குப் பிடிக்கும். எனக்கும் அளவுதானே தொழில்.

ஒரு வருடம், ஓணம் கழிந்த சமயம், திருவனந்தபுரத்தில் ஒரு மாதம் ட்ரெயினிங் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தவர் ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்குள் வந்து பாதிக் கதவைச் சாத்தினார். பையிலிருந்து ஆறு ரவிக்கைகளை எடுத்து வைத்தார்.

"எல்லாத்தையும் முன்னால தொறக்குற மாதிரி மாத்தணும். கைக்குழிய ரெண்டு இஞ்சு எறக்கணும்."

"என்னாச்சு அக்கா?"

"எடது பக்கம் எடுத்தாச்சு."

நான் ஒரு ரவிக்கையைப் புரட்டி இடது பக்கத் தையலைப் பார்த்தேன். தையல் பத்திரமாக இருந்தது. "எடுக்கலியே அக்கா, அப்படியேதான் கெடக்கு" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் புரிந்துகொள்ளும்வரை பொறுமையாக நின்றார். புரிந்ததும் எனக்கு உட்கார வேண்டியிருந்தது. அவர்தான் தண்ணீர் எடுத்துத் தந்தார், வலது கையால்.

கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், இனி மாத்திரை மட்டும் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய சண்டை எல்லாம் கையோடுதான். ஆபரேஷனில் அக்குளுக்குள்ளிருந்தும் எடுத்திருந்தார்கள். இடது கை தோள் மட்டத்துக்கே வராமல் நின்றுவிட்டது. மேல்கையின் உள்பக்கம் தொட்டால் உணர்ச்சி இல்லை. அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியதுபோல் எழும்பி நின்றது. அதைக் காட்டினார். "நெலம் அளக்குற சங்கிலியப் பிடிச்சு இழுத்தா விறைச்சு நிக்கும் பாத்தியா, அது மாதிரியாக்கும். பைய பையத்தான் எளகும்னு அந்த பிசியோ பெண்ணு சொல்லிச்சு."

"ஊருல சொல்லலியா?"

"ஒருத்தரும் அறியப்பிடாது. அறிஞ்சா ஆரஞ்சு வாங்கிட்டு வருவினும். வந்து இருந்துட்டு மொதல்ல எந்த எடத்தப் பாப்பினும்னு எனக்குத் தெரியும்."

நான் என் மிஷின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

பிசியோதெரபிப் பெண் ஒரு தாள் தந்திருந்தாள், படம் போட்டது. சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். விரல்களைச் சுவரில் வைத்து எட்டுக்கால்பூச்சி ஏறுவதுபோல் மெல்ல மேலே நடத்த வேண்டும். இழுத்துப் பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, எண்ணி, அதே வழியில் இறக்க வேண்டும். பகலில் ஐந்து தடவை. என் மிஷினுக்குப் பின்னால் இருந்த சுவரில்தான் அவர் இந்த ஊரில் முதலில் ஏறினார். விரல் நின்ற இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, மேல்நோக்கி ஓர் அம்பு, தேதி, பிறகு எஃகு டேப்பால் தரையிலிருந்து அளந்து ஓர் எண்: 118. வலது கையையும் ஏற்றி அளந்தார். 192.

"எழுபத்தி நாலு கொறவு" என்றார். அன்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. என்ன குறைகிறது என்று தெரிந்துவிட்டதல்லவா.

ரவிக்கையின் காலிப் பக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சுப் பொதி தந்திருந்தார்கள். பஞ்சுக்கு எடை இல்லாததால் அது மதியத்துக்குள் தோள்பட்டைக்கு ஏறிவிடும். காயம் நன்றாக ஆறிய பிறகு கனமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும், இரண்டு பக்கமும் ஒரே எடை வேண்டும் என்று தீர்மானித்தார். ஒரு பக்கத்தின் எடை தெரியாமல் மறுபக்கத்தை எப்படிச் செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு பெரிய தாம்பாளத்தின் நடுவில் சருவத்தை வைத்து விளிம்புவரை தண்ணீர் நிறைத்தார். வலது பக்கம் தண்ணீரில் முழுக அவர் குனிந்தார். வழிந்த தண்ணீரை நான் என் மகளுடைய பழைய பால் புட்டியில் பிடித்து அளந்தேன். மூன்று தடவை செய்து சராசரி எடுத்தோம். நானூற்றுப் பத்து மில்லி.

"தேகமும் தண்ணியும் ஏகதேசம் ஒரே கனம். நானூத்திப் பத்து கிராம்னு வச்சுக்க."

கடுகு போட்டுத் தைத்தேன். எடை சரியாக வந்தது, ஆனால் உருவம் ஒன்றரை மடங்கு வந்தது. உருவத்தைச் சரி செய்தால் எடை குறைந்தது. எடையா உருவமா என்று நாங்கள் இரண்டு நாள் வாதாடினோம். கடைசியில் சைக்கிள் கடையில் பேரிங் குண்டுகள் வாங்கி, கொஞ்சம் குண்டு, மீதி கடுகு என்று கலந்தோம். இரண்டும் சரியாக நின்றன. அந்தப் பொதியை அணிந்துகொண்டு அவர் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆபீஸுக்குப் போனபோது வாசலில் இருந்த மெஷின் கூவிவிட்டது. காவலுக்கு நின்ற பெண் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறாள். கடுகு என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் யோசித்துவிட்டு உள்ளே போகச் சொன்னாளாம்.

ஐந்து தடவைக்கும் போனில் அலாரம் வைத்திருந்தார். சேவல் கூவுகிற சத்தம். சேவல் கூவும்போது எங்கே நிற்கிறாரோ அங்கே இருக்கிற சுவரில் ஏறுவார். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, கோயில் மதில், பள்ளிக்கூட மதில், எதிர்ப்புறம் பலசரக்குக் கடை அண்ணன் புதிதாகக் கட்டியிருந்த மதில் என்று எல்லாவற்றிலும் ஏறினார். ஏறியதை எழுதாமல் விட அவரால் முடியாது. கோடு, அம்பு, தேதி, எண். ஒரே சுவரில் ஏறினால் கை அந்தச் சுவரைப் பழகிக்கொள்ளும், வெவ்வேறு சுவரில் சரிபார்ப்பதுதான் முறை என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்.

தனுவச்சபுரத்தில் ஒரு சாவு வீட்டுக்கு இருவரும் போயிருந்தோம். முன்னறையில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. சேவல் கூவியது. அக்கா எழுந்து, இறந்தவரின் தலைமாட்டில் இருந்த சுவருக்குப் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இடது கை விரல்களை மேலே நடத்தினார். அன்று வலி அதிகம் போலிருக்கிறது, கண்ணில் நீர் வந்தது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுந்து போய் அவர்களும் சுவரில் கை வைத்தார்கள். இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். செத்தவரின் மகன் மரியாதையாக ஒரு நாற்காலியை நகர்த்தி அவர்களுக்கு இடம் விட்டான். அக்கா கையை இறக்கிவிட்டு, பழக்கத்தில் பென்சிலை எடுத்து எழுதினார். அந்த மார்த்தாண்டத்துப் பெண்களில் ஒருத்தி என் காதருகே குனிந்தாள்.

"இஞ்ச எழுதவும் செய்யணுமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் எண் 118-லிருந்து 138-க்கு வந்தது. அக்காவுக்கு அது சந்தோஷமாக இருந்த நாட்களில்தான் ஊருக்குப் பயம் தொடங்கியது. முதலில் பேசியவர் பலசரக்குக் கடை அண்ணன். என் கடைக்கு நூல் வாங்குகிற சாக்கில் வந்து நின்றார்.

"எனக்க மதிலுல மூணு எடத்துல அடையாளம் போட்டிருக்கு, பாத்தியா? அம்பும் நம்பரும். சர்வேயர்தான் போட்டது, எனக்க கண்ணால பாத்தேன். மதில தடவித் தடவிப் பாத்துட்டு எழுதுது. ரோட்டுக்கு எடம் எடுக்கப் போறாவ."

"அப்படி இருக்காது அண்ணா."

"பின்ன என்னது? போன மாசம் நூத்தி இருபத்தாறு. அடுத்த வாரம் நூத்தி முப்பத்தி மூணு. இப்பம் நூத்தி முப்பத்தெட்டு. வாரத்துக்கு வாரம் எடம் கூடிட்டே போவுது."

ரிட்டையரான கணக்கு சார் ஒருவர் எல்லா மதில்களின் எண்களையும் ஒரு நோட்டில் எழுதி, இந்த வேகத்தில் போனால் அடுத்த ஓணத்துக்குள் அண்ணனுடைய கடையின் முன்பாதி ரோட்டுக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மதில் பாதுகாப்புச் சமிதி உண்டாயிற்று. அண்ணன் தலைவர், சார் செயலாளர். ரப்பர் ஸ்டாம்ப் செய்தார்கள். எம்.எல்.ஏ.வுக்கு மனு போனது. அக்காவிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. கவர்மென்ட் ஆளிடம் நேராகக் கேட்டால் எண்ணை இன்னும் கூட்டிவிடுவார் என்று பயம். அவர் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு டீ வாங்கித் தந்தார்கள். ஒருவர் வீட்டுக்கே ஒரு குலை ரசகதலிப் பழம் கொண்டுபோனார். ஏதோ ஃபைலுக்கு லஞ்சம் என்று நினைத்து அக்கா அதைத் திருப்பி அனுப்பினார். அதிலிருந்து பயம் இரட்டித்தது.

நான் வாய் திறக்கவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான்கு ஆண்கள் முன்னால் மார்பு என்ற சொல்லைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாள் முழுக்க மார்பளவு எழுதுகிறவள் நான்.

எண் 151 ஆனபோது, வேலித் தகராறு ஒன்றுக்கு அளக்கப் போன இடத்தில் அக்காவின் இடது கையில் முள் குத்தியது. அந்தக் கையில் சின்னக் காயம்கூடப் படக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. முன்கை சிவந்து, வளையல் இறங்காத அளவுக்கு வீங்கியது. மருந்து சாப்பிட்டு, கையில் பட்டி சுற்றி, பத்து நாள் சுவர்ப்பக்கமே போகாமல் இருந்தார். பதினோராவது நாள் சேவல் கூவியபோது அண்ணனின் மதிலருகே நின்றார். ஏறினார். விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். நான் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதாமல் போய்விடுவார் என்று நினைத்தேன். எழுதினார். 139.

அன்று சாயங்காலம் சமிதி பாயசம் வைத்தது.

"பன்னெண்டு கொறஞ்சிருக்கு" என்று அண்ணன் ரோட்டில் நின்று எல்லோருக்கும் சொன்னார். "மனு போன ஒடனே கவர்மென்ட்டு பேடிச்சுப் போச்சு."

எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. பகைமை வேண்டாம் என்று அக்கா வீட்டுக்கும் ஒரு தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் காலையில் அக்கா கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நேத்து எஞ்சயோ பூசை போல. பாயசம் கிட்டிச்சு. எனக்கு எறங்கல. ஆனாலும் குடிச்சேன், நல்ல பாயசமாக்கும்." என் மிஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். "பன்னெண்டு சென்டிமீட்டர் போச்சு மக்கா. ஒரு மாசத்துக்க வேலை. இனி இப்படியே நின்னு போச்சுன்னா?"

இடது கையை வலது கையால் மடியில் பிடித்துவைத்திருந்தார், வேறு யாருடைய பிள்ளையையோ பிடித்திருப்பதுபோல. அவர் எதையும் கேள்வியாக விட்டு நான் பார்த்ததில்லை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. பாயசம் எதற்கு என்று சொல்லிவிட்டேன். சமிதி, மனு, ஸ்டாம்ப், சாரின் நோட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

"நோட்டிபிகேஷன் இல்லாம எப்படி சர்வே நடக்கும்னு ஒருத்தனும் கேக்கலியா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு லைப்ரரி ஹாலில் சமிதியின் பொதுக்கூட்டம். அக்கா பையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஹாலில் பேச்சு நின்றது. பின்வரிசையில் டீ ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனின் மனைவிகூட ஊற்றுவதை நிறுத்தினார். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்மானத்தைப் படித்தார். ரோட்டோரத்தில் நூற்று முப்பத்தொன்பது சென்டிமீட்டர் எடுப்பதை இந்தக் கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது.

அக்கா எழுந்தார். "ஒரு சின்னத் திருத்தம். அது அகலம் இல்ல. தரையிலேருந்து உயரமாக்கும்."

அண்ணன் குழம்பினார். "உயரத்த எதுக்கு அளக்குது?"

"மேம்பாலம்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ஹால் முழுக்க மேம்பாலம், மேம்பாலம் என்று முணுமுணுப்பு ஓடியது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் என்ன மேம்பாலம், மனிதன் குனிந்தல்லவா அடியில் போக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அதனால்தான் வாரத்துக்கு வாரம் கூட்டுகிறார்கள் என்றார் கணக்கு சார்.

"அது எனக்க கையாக்கும்" என்றார் அக்கா.

யாருக்கும் புரியவில்லை. அவர் ஒரு ரிப்போர்ட் வாசிப்பதுபோல் சொன்னார். "எடது மார்புல கட்டி உண்டாச்சு. ஆபரேஷன் செஞ்சு எடுத்தாச்சு. அக்குளுக்க உள்ளயும் எடுத்தினும். கை மேல பொங்காமப் போச்சு. தெனமும் சொவருல வெரலு நடத்தி மேல பொக்கணும். பொங்குன எடத்துல நான் அடையாளம் போட்டேன். நூத்திப் பதினெட்டுல தொடங்கி நூத்தம்பத்தொண்ணுவரைக்கும் வந்தது. முள்ளு குத்தி நூத்தி முப்பத்தொம்பதுக்கு எறங்கிப் போச்சு. ஒங்க மதிலுல எழுதுனதுக்கு அனுமதி வாங்கல. அது எனக்க தப்பு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கையிலிருந்த தீர்மானத்தை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக மடித்தார்.

"அப்பம் ரோடு?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல."

கணக்கு சாருக்கு அவ்வளவு சுலபமாக விட மனம் வரவில்லை. அவருடைய நோட்டு பாதிக்குமேல் நிறைந்திருந்தது. "சொன்னா மட்டும் போதுமா? காட்டணும்."

அக்கா ஹாலின் சுவருக்குப் போனார். விரல்கள் ஏறின. 147. சார் தானே டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓர் ஆட்சேபம் சொன்னார். ரோட்டில் நின்று எழுதியது மண்தரை, இது சிமெண்ட் தரை, அதோடு மேடம் செருப்பு போட்டிருக்கிறார்.

ஹாலில் சிலர் சாரை முறைத்தார்கள். அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த ஊரில் அவரிடம் முதன்முதலாக ஒருவர் முறையான கேள்வி கேட்டிருந்தார். "சார் பறஞ்சது சரியாக்கும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். மொத்தக் கூட்டமும் ஐந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது. யாரோ மெல்ல, "இன்னும் இத்திரி" என்றார்கள். விரல் கொஞ்சம் நகர்ந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 145. கூட்டக் குறிப்பில் அந்த எண்ணை எழுதி, ஸ்டாம்ப் வைத்தார்கள். சமிதியைக் கலைக்க வேண்டுமா என்று பேச்சு வந்தபோது, ஸ்டாம்ப் புதிது, அதனால் இருக்கட்டும் என்று முடிவானது.

மறுநாள் முதல் ஆரஞ்சு வந்தது. அவர் பயந்ததுபோல வந்தவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் பார்த்தார்கள். ஒரு வாரம் அப்படி. பிறகு மதில்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். பலசரக்குக் கடையில் உளுந்து வாங்கப் போனால் அண்ணன் "இன்னைக்கு நூத்தம்பத்தி நாலு" என்பார். கோயில் மதிலுக்கு வெள்ளையடித்தபோது எண்களை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்கள். அது பார்க்க நன்றாக இல்லை.

அடுத்த ஓணம் கழிந்து 184-ல் நின்றது. இரண்டு மாதம் அதே எண். கொடியில் துணி போட்டார், தலை பின்னினார், மேல்தட்டில் இருந்து டப்பா எடுத்தார். வலது கை 192-தான் அப்போதும்.

"எல்லாத்துக்கும் எட்டுதே அக்கா" என்றேன்.

"எட்டுது மக்கா. எட்டு கொறவும் உண்டு. ரெண்டையும் எழுதணும்" என்றார். எழுதினார்.

அதன் பிறகு வடக்கே மாற்றல் ஆகிப் போனார். வீட்டை விற்றார்கள். சில வருடங்கள் போனில் பேசினோம், இப்போது அதுவும் இல்லை. அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கூட்டம் முதலில் நினைவுக்கு வருவதில்லை. அதற்கு அடுத்த புதன்கிழமைதான் வருகிறது.

அன்று காலையில் அக்கா என் கடையில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தபோது பலசரக்குக் கடை அண்ணனின் மனைவி உள்ளே வந்தார். நான் மயினி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். முந்தானையை இடது தோளோடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டே இருப்பார். பாதிக் கதவை அவரே சாத்தினார்.

"எனக்கும் எடுத்ததாக்கும்" என்றார். "நாலு வருசம் ஆச்சு. கர்ப்பப்பைன்னு ஊருல சொன்னோம். இந்தத் தாளு எனக்கும் தந்தினும். நோவுதுன்னு ரெண்டு நாள்ல விட்டுட்டேன். இனி பொங்குமா?"

பொங்கும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"தெரியாது" என்றார் அக்கா. "அளந்து பாக்கலாம்."

மயினியைச் சுவருக்கு முன் நிற்கவைத்தார். மயினியின் விரல்கள் மெல்ல ஏறின. "நோவுது" என்றார். "பத்துல எத்தன?" என்று அக்கா கேட்டார். மயினி யோசித்து, எட்டு என்றார். "எட்டு வேண்டாம். அஞ்சுல நிறுத்தணும். பைய எறக்கு." நாலு வருடம் இறுகின கை, முதலில் திருவனந்தபுரத்தில் அந்தப் பிசியோ பெண்ணிடம் காட்ட வேண்டும், தானே கூட வருகிறேன் என்றார். ஐந்தில் நின்ற இடத்தில் கோடு போட்டு எழுதினார். 121.

கதவைத் திறந்தால் வாசலில் அண்ணன் நின்றார். நூல் வாங்க வந்ததுபோல் ஒரு நூல்கண்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்க்காமல் அக்காவிடம் கேட்டார்.

"எவ்வளவு?"

"நூத்தி இருபத்தொண்ணு."

அவர் நூல்கண்டை வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். "எனக்க வீட்டுல துணி ஒணக்கப் போடுற கயிறு எத்தன உயரம் இருக்கும்?"

யாருக்கும் தெரியவில்லை.

"நாலு வருசமா இவ நனைஞ்ச துணிய வேலிமேல போடுறா. சோம்பல்னுதான் நான் நெனச்சேன்" என்றார். "ஏசவும் செய்திருக்கேன்."

அக்கா எஃகு டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, பாத்திரலாம்" என்றார். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன். வழியில் கணக்கு சார் எதிரே வந்தார். சமிதித் தலைவர் சர்வேயரோடு டேப்பும் பையுமாகத் தன் வீட்டுக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வேகமாகப் போனார். தலைவர் விலைபோய்விட்டார் என்று அன்று மதியமே பேச்சு கிளம்பியது.

கயிறு நூற்று எழுபத்திரண்டில் இருந்தது. அண்ணன் அதை அவிழ்த்தார். தென்னையில் எங்கே கட்ட வேண்டும் என்று அக்கா சுண்ணாம்பால் கோடு போட்டார், நூற்றுப் பதினைந்தில். அண்ணன் குந்தியிருந்து கட்டினார். மயினி வாளியிலிருந்து ஒரு வேட்டியைப் பிழிந்து கொண்டுவந்து இரண்டு கையாலும் கயிற்றில் போட்டார். வேட்டியின் பாதி மண்ணில் கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். அது அவருடைய வேட்டி.

"கெடக்கட்டும்" என்றார்.